தன் கைக்குத் தக்க தூண்டிற்கோல்

மனிதன் கையாளும் கருவிகளை இருவகையாகப் பிரித்துக் கூறலாம். யாவர்க்கும் பொதுவாகச் செய்யப்பெற்று, யாவர்க்கும் ஒருவாறு பயன்படுவன ஒருவகை. ஒருவனுடைய கையின் அளவையும் அவன் செய்யும் தொழிலின் இயல்பையும் நோக்கிச் செய்யப்பெற்று, அவனுக்கு முற்றும் பயன்படுவன மற்றொரு வகை. நாற்காலியும் விளக்கும் முதல் வகையின. தச்சனது உளிப்பிடியும், மூக்குக்கண்ணாடியும், காற்செருப்பும் இரண்டாம் வகையின. தூண்டிற்கோல் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது? கடைகளிற் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் கோல்களைக் காண்போர் அது முதல் வகையதென்றே கருதுவர். அது இரண்டாம் வகையதென்பதும், அதனைத் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ள முற்படுவோருள்ளும் பலர் கருத்துச் செலுத்தவேண்டிய இடத்தை விடுத்துப் பிறிதோரிடத்தே பொருளைச் செலவிடுகின்றனர் என்பதும் ஈண்டுக் கூறப்புகும் இரண்டு கருத்துகளாம்.

இங்கிலாந்திலும், ஐக்கிய அமெரிக்க நாட்டிலும், ஜப்பானிலும் தூண்டிற்கோல் கட்டுதல் ஒரு கைத்தொழிலாகவும் ஓய்வுநேர வேலையாகவும் இருந்து வருகிறது. கோல் கட்டுவோன் மூங்கிலை வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. அடிபருத்து முனை சிறுத்த வெறுங்கோலைத் தொழிற்சாலைகள் ஆக்கி விற்கின்றன. இதனை அவர்கள் பிளாங்க் என வழங்குவர். அவ்வெறுங்கோலுக்குக் கார்க்கினாலோ மரத்தினாலோ கைப்பிடி அமைத்து, ரீலைப் பூட்டுதற்குரிய இருக்கையை ஒட்டி, தூண்டில் நரம்பு செல்லும் வளையங்களை உரிய இடங்களில் நூலாற் சுற்றிக் கட்டி, அந்நூலின்மேல் எப்பாக்ஸிப் பசையைப் பூசி உலர்த்தினால் கோல் நிறைவு பெறும். வேலை இவ்வளவே. ஆயினும், எந்த வெறுங்கோலைத் தேர்வது, எவ்வளையங்களை எவ்விடத்தே அமைப்பது என்னும் இரண்டு வினாக்களுள் அக்கலை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

இத்தொழிலின் பழமையைச் சிறிது நோக்குவோம். ஆங்கில மொழியில் மீன்பிடித்தலைப் பற்றி முதன்முதல் அச்சேறிய நூல் 1496-ம் ஆண்டில் வெளிவந்தது. அது கோலை எங்கே விலைக்கு வாங்கலாம் என்று கூறவில்லை. எம்மரத்தின் கொம்பை எப்பருவத்தில் வெட்டி, எங்ஙனம் சூடேற்றி நிமிர்த்தி உலர்த்திக் கோலாக்குவது என்பதையே கூறுகிறது. தூண்டில் முள்ளையுங்கூட ஊசியை வளைத்துத் தானே செய்துகொள்ளும்படி கற்பிக்கிறது. தன் கோலைத் தானே செய்தல் என்பது இன்று தோன்றிய புதுமையன்று. கோலைக் கடையில் வாங்குதலே பின்வந்த வழக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பென்ஸில்வேனியாவிலிருந்த ஸாமுவேல் பிலிப்பி என்பவர் மூங்கிலைப் பிளந்து, அதன் கீற்றுகளை ஒட்டிக் கோல் செய்தார். பின்னர் ஹைரம் லெனார்டு என்பவர் ஆறு கீற்றுகளை அறுகோண வடிவில் ஒட்டிய கோல்களைப் பெருவாரியாகச் செய்து விற்றார். அக்காலத்தே அவர்கள் பயன்படுத்திய மூங்கில் நம் நாட்டினின்று சென்றது. கல்கத்தா மூங்கில் என்பதே அதன் வாணிகப் பெயர். இருபதாம் நூற்றாண்டிலோ சீன மூங்கில் ஒன்று அதன் இடத்தைக் கைக்கொண்டது. வணிகர் அதனை டாங்கின் மூங்கில் என்றனர். ஆயின் அது டாங்கினில் விளைவதன்று, சீனத்தின் குவாங்டுங் மாகாணத்தில் விளைவது. கான்டன் நகரில் கிறிஸ்தவக் கல்லூரியாகத் தோன்றிப் பின் லிங்நான் பல்கலைக்கழகமாக வளர்ந்த கலாசாலையிற் பணியாற்றிய மக்ளூர் என்னும் தாவரநூல் ஆசிரியர், அம்மூங்கில் விளையும் இடத்திற்கே சென்று ஆராய்ந்து, 1931-ம் ஆண்டில் அதற்கு அருண்டினேரியா அமாபிலிஸ் எனப் பெயர் சூட்டினார். அமாபிலிஸ் என்பதற்கு அன்பு செய்தற்குரியது என்பது பொருள். இனப்பெயர் இன்று மாறியுள்ளதாயினும் அச்சிறப்புப் பெயர் மாறவில்லை. பல்லாண்டுகளாகக் கடைச்சரக்காக மட்டும் வழங்கிய ஒரு பொருளுக்குப் பிறப்பிடமும் பெயரும் கண்டு கூறியது ஒரு கல்லூரியின் ஆராய்ச்சியே என்பதை நம் மாணவர் நினைவில் வைத்தல் நலம்.

1940-களில் கண்ணாடியிழைக் கோல்கள் தோன்றின. 1950-ம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசாங்கம் சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. மூங்கில் கிடைத்தல் அரிதாகவே கண்ணாடியிழை எங்கும் பரவிற்று. 1960-களில் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலுள்ள விமான ஆராய்ச்சி நிலையத்தார் வலிமிக்க கார்பன் இழையை ஆக்கும் முறையைக் கண்டனர். 1970-களின் முற்பகுதியில் அவ்விழையாலான தூண்டிற்கோல்கள் விற்பனைக்கு வந்தன. இன்று விற்கப்படும் வெறுங்கோல்களுட் பெரும்பாலன கார்பன் கோல்களே.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை புலனாகிறது. ஒவ்வொரு காலத்தும் புதுப்பொருள் ஒன்று தோன்றியபொழுது, கோலின் சிறப்பு முழுவதும் அப்பொருளிலேயே இருக்கின்றது என மக்கள் நம்பினர். இன்று அந்நம்பிக்கை ஓர் எண்ணின் வடிவில் நிலவுகிறது. கார்பன் கோல்களின்மேல் 24 டன், 30 டன், 40 டன் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். இஃது அக்கோல் தூக்கும் எடையன்று. கார்பன் இழையின் விறைப்பைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் எனக் குறிக்கும் அளவாகும். இவ்வெண் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறுகிறது. எண் பெரிதாயின் கோலும் சிறந்ததாகும் என்பது வாங்குவோர் துணிபு. இத்துணிபு எவ்வளவு பொருத்தமுடையது என்பதே ஆராயத்தக்கது.

குழாய் வடிவான ஒரு கோலின் விறைப்பு இழையின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. அதன் பருமனையும் பொறுத்தது. பௌதிகம் பயிலும் மாணவர் இதனை அறிவர். விறைப்பானது விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றிச் செல்கிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை, சுவரின் தடிப்பையும் அதே விகிதத்திற் பெருக்கி, 11 மில்லிமீட்டராக ஆக்கினால் அதன் விறைப்பு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். 24 டன் இழையை நீக்கி 30 டன் இழையை இட்டாலோ கூடுவது 25 விழுக்காடே. ஆகவே பருமனும், சுவரின் தடிப்பும், அடியிலிருந்து முனை நோக்கிச் சிறுத்துச் செல்லும் ஒழுங்கும் தெரியாதவிடத்து, அச்சிட்ட அவ்வெண் ஒன்றினால் மட்டும் கோலின் தன்மையை அறிதல் இயலாது. விறைப்பு மிக்க இழையால் அதே வலியுள்ள கோலைக் குறைந்த பொருளால் ஆக்கலாமென்பதும், அதனாற் கோலின் எடை குறையுமென்பதும் உண்மையே. ஆனால் அத்தகைய இழை பெரும்பாலும் அதிகமாக நீளாமல் முறியும் இயல்பினது. அதனாலாய மெல்லிய சுவரோ படகின் விளிம்பில் ஒருமுறை மோதினும் ஊறுபடும். கருவியைப் பேணிக் கையாளும் பழக்கமில்லாத இளைஞனுக்கு இடைத்தரமான கார்பன் இழையோ, கார்பனும் கண்ணாடியும் கலந்த இழையோ ஏற்றதென்பது எமது கருத்து.

அங்ஙனமாயின் வெறுங்கோலை எங்ஙனம் அளந்தறிவது? இதற்கு அமெரிக்க அறிஞர் வில்லியம் ஹான்னெமன் என்பவர் 2003-ம் ஆண்டில் ஒரு வழியை வெளியிட்டார். கோலின் அடியை அசையாதபடி கிடையாகப் பொருத்தி, முனையில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் முனை தாழும்வரை அப்பையில் அமெரிக்கச் சென்ட் காசுகளை ஒவ்வொன்றாக இடவேண்டும். இட்ட காசுகளின் எண்ணிக்கை கோலின் வலியைக் காட்டும். அந்நிலையில் முனை கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணம், வளைவு முனையருகே நிகழ்கின்றதா, அடிவரையும் பரவுகின்றதா என்பதைக் காட்டும். எளிய காசுகளைக்கொண்டு, எந்தத் தொழிற்சாலையின் கோலையும் மற்றொன்றோடு ஒப்பிட இது வழிசெய்கிறது. மென்மை, நடுத்தரம், வன்மை என ஒவ்வொரு தொழிற்சாலையாரும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுதும் சொற்களைக்காட்டிலும் இவ்வளவு நம்பத்தக்கதன்றோ? காசுகளுக்கு மாறாக மணலையிட்டுப் பின் தராசில் நிறுத்துக்கொள்ளினும் குற்றமில்லை.

இனி வளையங்களுக்கு வருவோம். கோல் கட்டுவோர் பலர் இவற்றை இறுதியில் நினைக்கின்றனர். வெறுங்கோலுக்குக் கைப்பொருள் முழுவதையும் கொடுத்துவிட்டு, எஞ்சிய சிறுதொகைக்குக் கனமான வளையங்கள் சிலவற்றை வாங்கி, கண்ணளவாற் கட்டி முடிக்கின்றனர். இது பெரும் பிழையென்றே யாம் கூறுவோம். வளையத்திற்குத் தொழில் மூன்றுண்டு. நரம்பை உராய்வின்றி நடத்துதல் ஒன்று. மீன் இழுக்கும்பொழுது பாரத்தைக் கோல் முழுவதும் பகிர்ந்தளித்தல் இரண்டாவது. தன் எடையினாற் கோலின் இயக்கத்தைக் கெடாமலிருத்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் ஒன்று தவறினும் விலையுயர்ந்த வெறுங்கோல் தன் பயனை இழக்கும்.

எடையை முதலில் நோக்குக. கைப்பிடியருகே ஐந்து கிராம் கூடினும் கை உணராது. முனையருகே ஒரு கிராம் கூடினும் உணரும். வீசியபின் கோல் அதிர்ந்து நிலைபெறும் காலம், முனையிலுள்ள பாரம் மிகுந்தோறும் நீளும். மெல்லிய வெறுங்கோலைத் தேடிப் பெரும்பொருள் கொடுத்தவன், முனைப்பக்கத்தே கனத்த வளையங்களையும் தடித்த பசைப்பூச்சையும் ஏற்றுவானாயின், தான் விலைகொடுத்து வாங்கிய நொய்ம்மையைத் தன் கையாலேயே அழிப்பவனாவான். ஆதலின் முனையை அணுகுமிடத்து வளையங்கள் சிறியனவாகவும், கூடியவரை ஒற்றைக் காலுடையனவாகவும், பூச்சு மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும்.

எண்ணிக்கைக்குப் பழைய விதியொன்று உண்டு. கோல் எத்தனை அடி நீளமோ அத்தனை வளையங்களோடு ஒன்று கூட்டுக. முனை வளையம் இக்கணக்கிற் சேராது. ஏழடிக் கோலுக்கு எட்டு வளையமும் ஒரு முனை வளையமும் என்பது இதனாற் பெறப்படும். இது தொடக்கத்திற்கு ஏற்ற விதியே, முடிந்த முடிபன்று. வளையங்களை முதலிற் சிறு ரப்பர்த் துண்டுகளாற் கோலிற் பொருத்தி, நரம்பைக் கோத்து, அதன் நுனியில் பாரத்தைக் கட்டிக் கோலை வளைத்துப் பார்க்க வேண்டும். நரம்பு கோலின் வளைவைத் தழுவிச் செல்லாமல் எங்கேனும் கூர்ங்கோணமாக முறிந்து செல்லுமாயின், ஆங்குள்ள வளையங்களை முன்னும் பின்னுமாக நகர்த்துதல் வேண்டும். போதாதாயின் வளையமொன்று கூட்டுதல் வேண்டும். ஏட்டிலுள்ள அட்டவணை எத்துணைச் சிறந்ததாயினும், கையிலுள்ள கோல் வளையும் வகையை அஃது அறியாது.

ரீலின் வகையையும் நோக்குதல் வேண்டும். கோலின் கீழே தொங்கும் ரீலினின்று நரம்பு சுருள்சுருளாகப் பாய்ந்து வருதலின், முதல் வளையம் கோலினின்று உயர்ந்தும் அகன்றும் நின்று அச்சுருள்களை விரைவில் ஒடுக்குவதாக இருத்தல் வேண்டும். கோலின்மேல் அமரும் ரீலுக்கோ அவ்வளவு பெரிய வளையம் வேண்டுவதில்லை; எனினும் வளையங்கள் மேற்புறத்தே நிற்றலின், பாரம் தாக்கும்பொழுது கோல் முறுக்கிக்கொண்டு புரள முயலும்.

இம்முறுக்கைப் பற்றி நெடுநாளாக வழங்கிவரும் ஓர் எண்ணத்தை ஈண்டு மறுக்க விரும்புகின்றோம். ஒவ்வொரு வெறுங்கோலும் ஒரு பக்கத்தே சிறிது விறைப்பு மிக்கதாக இருக்கும். கோல் கட்டுவோர் அதனை முதுகெலும்பு என்பர். அதனைக் கண்டு வளையங்களை அதற்கேற்ப அமைத்தால் கோல் முறுக்காது என்று பலர் உறுதியாகக் கூறுவர். ஆனால் கோலை முறுக்குவது முதுகெலும்பன்று. கோலின் நடுவச்சுக்கு மேலே உயர்ந்து நின்று, பாரத்தைக் கீழ்நோக்கி வாங்கும் வளையங்களே. மேற்புறத்தே வளையமுள்ள கோல், முதுகெலும்பு எப்பக்கத்தே இருப்பினும் முறுக்கவே முயலும். அதனைத் தவிர்க்க விரும்புவோர், வளையங்களைப் படிப்படியாகப் பக்கவாட்டில் திருப்பி, முனைப்பக்கத்தே கீழ்ப்புறமாக வரும்படி சுழல்முறையிற் கட்டுக. அவ்வாறன்றேல், வெறுங்கோலின் நேரான பக்கத்தைத் தேர்ந்து வளையம் வைத்தலே தக்கது. முதுகெலும்பைத் தேடி வருந்தும் நேரத்தைப் பாரங்கட்டி வளைத்துப் பார்ப்பதிற் செலவிட்டால் பெரும்பயன் விளையும்.

வளையத்தின் பொருளிலும் அளவறிதல் வேண்டும். சுட்டெடுத்த அலுமினிய ஆக்ஸைடு வளையம் ஆறு குளங்களில் மீன்பிடிப்போனுக்குப் போதுமானது. மென்மையான உலோக வளையத்தைப் பின்னல் நரம்பு நாளடைவில் அறுத்துப் பள்ளமாக்கும். சிலிக்கன் கார்பைடு வளையம் மிகக் கடினமாதலின் அதனைத் தாங்கும், உராய்வின் வெம்மையையும் விரைவிற் கடத்தும். உப்புநீரில் வேலைசெய்வோனுக்கு டைட்டானியச் சட்டமுள்ள வளையம் துருவேறாது உதவும். எனவே கடலுக்குச் செல்லாதவன் டைட்டானியத்திற்குப் பொருள் கொடுத்தல் வீண் ஆடம்பரமே. யாதாயினும், வளையத்தின் காலை அரத்தால் தேய்த்து, அதன் நுனியைக் கத்தி விளிம்புபோல் மெலியச்செய்தல் ஒருவராலும் விடத்தகாதது. அங்ஙனம் செய்யாவிடின் நூல் அதன்மேல் ஒழுங்காக ஏறாது. தடித்த நுனி கோலைக் குத்தவும் கூடும்.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூறுவனவற்றையும் கேட்போம். கடையில் நல்ல கோல் குறைந்த விலைக்குக் கிடைக்கும்பொழுது இவ்வளவு தொல்லை எற்றுக்கு என்பர் சிலர். உண்மையே, பொருளை மிச்சப்படுத்தற்பொருட்டுக் கோல் கட்டுவோன் ஏமாந்து போவான். பசை, நூல், கார்க்கு, கூலி வாங்காத கையுழைப்பு யாவற்றையும் கூட்டினால் கடைக்கோலே மலிவாகும். ஆகவே முதற்கோலைக் கடையில் வாங்குக என்றே யாமும் கூறுவோம். அதனை ஓராண்டு கையாண்டு, கைப்பிடி முழங்கையில் இடிக்கின்றதா, முனை தாழ்கின்றதா, சிறுமீன் கடிப்பது கைக்குத் தெரிகின்றதா என்று குறித்து வைத்து, அக்குறிப்பைக்கொண்டே இரண்டாங் கோலைக் கட்டுதல் வேண்டும். தன் குறை இன்னதென்று அறியாதவன் தனக்கென்று ஒன்றைச் செய்வித்தும் பயனில்லை.

பிறிதொரு சாரார், விளையாட்டுக் கருவியைப்பற்றி இத்துணை ஆராய்ச்சியா என்பர். விளையாட்டு மனிதனுக்கேயன்றி மீனுக்கு அன்று. மென்மையான கோலால் பெருமீனை நெடுநேரம் அலைக்கழித்தல் திறமையின் அடையாளமாகச் சிலராற் பேசப்படுகிறது. பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவோன் இதனைச் செய்வானாயின், அவன் விடுவது உயிர் ஓய்ந்த மீனையே. சென்னை மாகாண அரசாங்க அதிகாரியாயிருந்த தாமஸ் என்பவர் 1873-ம் ஆண்டில் இந்தியத் தூண்டிற்கோலைப் பற்றி எழுதிய நூலில் நம் ஆறுகளின் மஹசீர் மீனைச் சிறப்பித்தார். அவ்வகையுட் பெரியதாய், காவிரியிலும் அதனைச் சார்ந்த ஆறுகளிலும் மட்டுமே வாழும் திமிலுடைய மஹசீர் எது என்பது 2018-ம் ஆண்டிற்றான் அறிவியல் முறையில் உறுதிப்பட்டது. அவ்வாண்டிலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் அதனை மிகவும் அழிநிலையிலுள்ள உயிர்களுட் சேர்த்தனர். பெயர் கண்ட ஆண்டே அழிவின் ஏட்டிலும் ஏறிய மீன் அது. மீனின் அளவுக்குத் தக்க வலியுள்ள கோலும், பாரத்தைச் செவ்வனே பகிரும் வளையங்களும் மீனை விரைவிற் கரைசேர்த்து விரைவில் விடுவித்தற்கு உதவுவன. ஆகவே கோலின் பொருத்தம் பிடிப்போனது வசதியோடு முடிவதன்று.

இறுதியாக நம் கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறுவோம். பௌதிகச் சோதனைச்சாலையில் மீட்டர்க் கோலின் ஒருமுனையைப் பூட்டி, மறுமுனையில் எடை தொங்கவிட்டு, யங் என்பாரது குணகத்தை நீவிர் ஆண்டுதோறும் கணக்கிடுகின்றீர். குறிப்பேட்டில் ஆசிரியர் கையொப்பம் விழுந்தவுடன் அது மறக்கப்படுகிறது. தூண்டிற்கோல் செய்வோன் செய்வதும் அச்சோதனையே. அவன் அதன் விடையைத் தன் கையில் ஏந்தி ஆற்றங்கரைக்குச் செல்கின்றான். கணக்குத் தவறினால் கோல் முறியும், சரியாயின் மீன் கரையேறும். அத்தகைய கணக்கை ஒருவன் எளிதில் மறப்பானோ? கல்லூரிப் பட்டறையைச் சனிக்கிழமை பிற்பகல்களில் மாணவர்க்குத் திறந்துவிட்டு, அரமும் நூலும் பசையும் கொடுத்து, தூண்டிற்கோலையோ தமக்கு வேண்டிய பிறிதொரு கருவியையோ செய்ய விடுதல் அதிகாரிகளுக்கு அரிய செயலன்று. அச்சிட்ட எண்ணை நம்பி விலைகொடுப்பவராக நம் பட்டதாரிகள் வெளியேறுவதினும், எடை கட்டித் தாமே அளந்து பார்ப்பவராக வெளியேறுவது அவர்க்கும் நாட்டிற்கும் நன்மை பயக்கும் என்பது எமது துணிபு.